ஒரு தடவை மட்டும் கேட்கிற அக்கா

பத்தாம் வகுப்பைத் தாண்ட நான் முயன்றேன். அது என்னைத் தாண்டிப் போய்விட்டது. அதன் பிறகு மாமாவின் ஆட்டோவை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட என்னைக் கலெக்டர் ஆக்கியவர் ஒரு பார்லர் அக்கா.

பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சியம்மன் கோயிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், மாடியில் இருந்தது அவருடைய பியூட்டி பார்லர். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வதுதான் முக்கியமான தொழில். முதல்முறை என் ஆட்டோவில் ஏறியதும் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். சோப்பு டப்பா அளவு, சாம்பல் நிறம். மூடியைத் திறந்தார். பக்கவாட்டில் செருகியிருந்த பல்குச்சி மாதிரி ஒன்றை உருவினார்.

"பேரு இன்னா?"

"கலெக்டர்" என்றேன். சும்மாதான். அந்த வயதில் போலீஸ்காரரைத் தவிர யாரிடமும் நான் உண்மையான பெயரைச் சொன்னதில்லை.

அக்கா சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. குச்சியால் கண்ணாடி மேல் ஏதோ கிறுக்கினார். மூடினார். "கலெக்டர், வண்டிய எடு" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் என் பெயர். வேறு ஊராக இருந்தால் பரவாயில்லை. காஞ்சிபுரம் மாவட்டத் தலைநகரம். ஒருமுறை அக்கா நிஜமான கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று, "ஏய் கலெக்டர்! எருமை மாதிரி நடுரோட்டுல நிக்காத, ஓரமா வா!" என்று கத்தினார். டவாலி போட்ட ஆள் ஒருவர் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். நான் மானம் போய், "அக்கா, அன்னிக்கி சும்மா சொன்னேங்கா. என் நெஜப் பேரு வந்து…" என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல கேட்டப்ப இன்னா சொன்ன?"

"கலெக்டர்."

"அப்ப அதான். மெஷின்ல ஏறிடுச்சி."

அவரிடம் ஒரு வாக்கியம் இருந்தது. நாளுக்கு நாலு முறையாவது சொல்வார். "மொத தடவ கேட்டா கேள்வி. ரெண்டாவது தடவ கேட்டா பிச்சை." அக்கா எதையும் யாரிடமும் இரண்டாம் முறை கேட்க மாட்டார். வழி, விலாசம், பெயர், நேரம் எதுவானாலும் ஒரே ஒரு தடவை. மறந்துபோனால் கேட்பதற்குப் பதில் நாலு தெரு சுற்றுவார். அப்படிச் சுற்றிச் சுற்றிக் கால் வீங்கியதைப் பார்த்துத்தான், சிங்கப்பூரில் இருந்த அவருடைய தம்பி அந்தப் பாம்டாப் என்கிற கையடக்கக் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தானாம். அது வந்ததும் வீட்டில் இருந்த பழைய டைரிகளை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார்.

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பார்லர் வாசலில் காத்திருந்தபோது, "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். அன்று கீழ்வீட்டில் ஒரு பெண் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்று கெத்தாக, "நான் டீயெல்லாம் குடிக்கிறதில்ல" என்றேன். பூக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் அக்கா குச்சியை உருவினார். அத்தோடு அந்த வீட்டில் எனக்கு டீ முடிந்தது. என்னோடு வருகிற இன்னோர் ஆட்டோக்காரனுக்கு டீ வரும், மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவருக்கு டீயும் பிஸ்கட்டும் வரும். மழையில் நனைந்த கோழி மாதிரி நான் நடுங்கிக்கொண்டு நிற்பேன். "கலெக்டருக்குப் பழக்கமில்ல" என்று அவரே எல்லோருக்கும் விளக்கம் சொல்வார்.

அந்த மெஷினுக்கென்று தனியாக ஓர் எழுத்து இருந்தது. நாம் எழுதுகிற இங்கிலீஷ் அதற்குப் புரியாது. ஏ எழுத்துக்கு நடுக்கோடு போட்டால் முழிக்கும். கூரை மட்டும் போட்டால் போதும் என்று ஒப்புக்கொள்ளும். தமிழோ சுத்தமாக வராது. தமிழ் வார்த்தைகளை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில், அதுவும் அரைகுறை எழுத்தில், அக்கா பழகி வைத்திருந்தார்.

"இன்னாக்கா, இதுவும் என்ன மாதிரி பத்தாவது பெயிலா?" என்றேன்.

"உன்னவிட மேல். சொன்னத கேட்டுக்கும், எதுத்துப் பேசாது."

அவர் வாழ்க்கையே அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு அது கீச்கீச்சென்று கத்தும். ஊறப்போட்ட உளுந்துக்குக் கத்தும். யாரோ ஒருத்தியின் முகத்தில் அப்பிய கடலைமாவைக் கழுவச் சொல்லிக் கத்தும். எந்தப் பெண்ணுக்கு முடி எவ்வளவு நீளம், யாருக்கு எந்தக் கிரீம் போட்டால் அரிக்கும், எந்த வீட்டில் மாமியார் கூடவே உட்கார்ந்து குறை சொல்வார், எல்லாம் அதில் இருந்தது. ஒருமுறை சாவு வீட்டுக்குப் போயிருந்தோம். உள்ளே பெண்கள் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நடுவில் அக்காவின் பை கீச்கீச்சென்றது. அழுகை அப்படியே நின்றது. அக்கா எழுந்து, மூக்கைச் சிந்தி, "மருதாணி அரைச்சி வச்சி வந்தேன், நேரமாயிடுச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"யக்கா, பொணம் எழுந்து உக்காரப்போவுதுன்னு பயந்துட்டேன்" என்றேன்.

"எழுந்துக்கறதா இருந்தா முன்னாடியே எழுதி வச்சிருப்பேன். வண்டிய எடு."

இந்த மாதிரி ஆளிடம் கிண்டல் எடுபடாது. நான் தினமும் ஏதாவது எறிவேன். சுவரில் எறிந்த பந்து மாதிரி என் மூக்கின் மேலேயே வந்து விழும். ஒரு சின்னச் சிரிப்பை வரவழைக்க இரண்டு வருஷம் முயன்றேன். கூலிக்கு மேல் அது ஒரு வேலை.

அவருடைய வீட்டுக்காரர் எங்கே என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. என் அம்மாவுக்கு இதுபோன்ற விஷயங்கள் தெரியாவிட்டால் தூக்கம் வராது. ஒருநாள் கோயிலில் பிடித்துக் கேட்டேவிட்டார். அக்கா வளையலைச் சரிசெய்தபடி, "வெளியூர் போறேன்னாரு. எப்ப வருவீங்கன்னு ஒரு தடவ கேட்டேன்" என்றாராம். அவ்வளவுதான். அம்மாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. என் அம்மாவை ஒரே வாக்கியத்தில் நிறுத்தியவர் என்று அன்று முதல் எனக்கு அக்கா மேல் தனி மரியாதை.

வருகிற வாடிக்கையாளர்களிடமும் அதே சட்டம்தான். "நீங்க ஒரு தடவ சொல்லிட்டீங்க, நான் எழுதிக்கினேன். நேரத்துக்கு வந்து நிப்பேன். நடுவுல போன் பண்ணி ஞாபகப்படுத்தற வீட்டுக்கு நான் வர்றதில்ல." இதைக் கேட்டுக் கேட்டு ஊரே பழகியிருந்தது. யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். அந்தச் சட்டம் திரும்பி அவர் கழுத்தையே பிடித்த கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அது ஆடி மாசக் கடைசி. மெஷினில் பேட்டரி படம் காலி வயிறாகத் தெரிய ஆரம்பித்தது. கத்தும் சத்தமும் தேய்ந்துபோய்ச் சுண்டெலி மாதிரி ஆகிவிட்டது.

"செல்லு மாத்துங்கக்கா, சாவப்போவுது" என்றேன்.

"ஆடி மாசத்துல எவனாவது புதுசு போடுவானா? ஆவணி பொறக்கட்டும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் ஆடியில் புதுச் செருப்பே வாங்காத குடும்பம். செல்லை மட்டும் எப்படிப் போடுவது? அக்கா மெஷினை அணைத்து, பட்டுத் துணியில் சுற்றி, பீரோவில் வைத்தார். ஆவணி பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அதுவும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு அடித்ததும் அக்கா மெஷினின் முதுகைத் திறந்து பழைய செல்லை வெளியே எடுத்துப் போட்டார். புதுச் செல் இரண்டையும் தாம்பாளத்தில் வெற்றிலை மேல் வைத்தார். மஞ்சள் தடவினார், குங்குமப் பொட்டு வைத்தார். ஊதுவத்தி கொளுத்தி, காமாட்சியம்மன் படத்துக்கு முன்னால் நின்று மூன்று பாட்டு பாடினார். கற்பூரம் காட்டினார். மணி அடித்தது யார்? நான்தான். பலமாக, பக்தியோடு, கையை மாற்றி மாற்றி அடித்தேன்.

செல் இல்லாமல் அந்த மெஷின் ஒரு நிமிஷம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதும், அதற்கு மேல் போனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

செல்லைத் துடைத்துப் போட்டார். திரை வெளிச்சமானது. நான் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். "வெல்கம்னு போட்டுக்கீதுக்கா! நல்ல சகுனம்!"

அக்காவும் சந்தோஷமாகத்தான் குச்சியை எடுத்தார். அது பெருக்கல் குறி ஒன்றைக் காட்டி அதன் நடுவில் தொடச் சொன்னது. தொட்டார். இன்று என்ன தேதி என்று கேட்டது. அக்காவின் முகம் மாறியது. பெயர்கள் இருக்கும் இடத்தைத் திறந்தார். காலி. நாட்கள் இருக்கும் இடத்தைத் திறந்தார். மொட்டை மொட்டையாகக் கோடுகள். யாருடைய பெயரும் இல்லை.

ஊதுவத்தி மட்டும் ஜோராகப் புகைந்துகொண்டிருந்தது.

"போனாப் போவுதுக்கா. ஆவணில இருக்கற கல்யாணப் பொண்ணுங்க பாதிப்பேர் வீட்டுக்கு நான்தானே வண்டி ஓட்டினேன்? வரிசையா சொல்றேன்" என்றேன். சொல்லவும் சொன்னேன். மீதிப் பேர் அந்த வாரமே பேஷியலுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் அக்கா எதையும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மொத முகூர்த்தம்" என்றார். "அதுக்கு ஒரே ஒரு பொண்ணுதான் ஒத்துக்கினேன். அவ தனியா பஸ்ல வந்துட்டுப் போனா. உன் வண்டில ஏறல."

"பேரு?"

"எழுதி வச்சேன்."

"ஊரு?"

"எழுதி வச்சேண்டா!"

முதல் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. அக்கா வராவிட்டால் வேறு யாரையாவது வைத்துக்கொள்ள மாட்டார்களா என்று சமாதானம் சொன்னேன். அப்போதுதான், பல்லைக் கடித்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிக் கழுத்தெல்லாம் தழும்பு.

"மாப்ளைக்குத் தெரியும். அவனுக்கு அது ஒரு விஷயமே இல்ல. கல்யாணத்தன்னிக்கி சொந்தக்காரிங்க சுத்தி நின்னுக்கினு 'அய்யோ பாவம்'னு உச்சுக் கொட்டுவாளுங்க பாரு, அதான் அவளுக்கு வேணாம். கதவ சாத்திக்கினு நான் ஒருத்தியே செய்யணும்னு கேட்டா. வரேன்னு சொல்லி அனுப்பினேன். இப்ப நான் போவலன்னா வேற எவளாவது வருவா, கூட நாலு பேரு வேடிக்க பாக்க வருவாளுங்க."

எனக்கு மூளை மின்னல் மாதிரி வேலை செய்தது. என் மூளை அப்படி வேலை செய்யும்போதெல்லாம் ஏதாவது கெடும்.

"இவ்ளோதானா? பஸ் ஸ்டாண்டுல நம்ம ஆட்டோ பசங்க எத்தன பேரு இருக்கறானுங்க! 'கழுத்துல தழும்பு இருக்கற கல்யாணப் பொண்ணு எந்த ஊரு'ன்னு கேட்டா பத்து நிமிஷத்துல…"

அக்கா தாம்பாளத்தைத் தூக்கினார். அடிக்கவில்லை. ஆனால் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவ எத மறைக்கணும்னு என்கிட்ட வந்தாளோ, அத ஊரு பூரா தண்டோரா போட்டுத் தேடச் சொல்றியா? இது உன் நாக்குலேர்ந்து வெளிய வந்துது, நாக்கு உனுது இல்ல."

அக்காவுக்குத் தெரிந்தது அந்தத் தழும்பு ஒன்றுதான். அதைச் சொல்லாமல் அவளைத் தேட வேண்டும்.

இரண்டு நாள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு தம்ளரை எடுத்தால் அதை எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் நிற்பார். மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது தெருவை அடைத்துத் தறிக்குப் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டு நூல் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டியிருந்ததால் ஆட்டோ உள்ளே போக முடியாது. அக்காவே பாவுக்கு ஓரமாக நடந்து வந்து வண்டியில் ஏறினார். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் பழையபடி ஆகியிருந்தது.

"இப்ப கல்யாணப் பொண்ணுங்க ஜாக்கெட்டு எப்படித் தெக்கறாளுங்க?"

"நான் எங்கக்கா அதெல்லாம் பாத்தேன்?"

"பாக்காத மாதிரி பேசாத. எல்லாம் முதுகுல ஜன்னல் வச்சி, கழுத்த கீழ எறக்கித்தான் தெக்கறாளுங்க. இவ மட்டும் கழுத்த மூடி, காலர் வச்சித் தெக்க குடுத்திருப்பா. எந்த டெய்லருக்கும் அது மறக்காது. நீ போய் டெய்லர்கிட்ட பேச்சு குடு."

"நானா? லேடீஸ் டெய்லர்கிட்டயா? நீங்க போங்கக்கா."

"நான் போனா, பார்லர்காரி எதுக்கு விசாரிக்கறான்னு யோசிப்பான். டெய்லர் யோசிச்சா ஊரே யோசிக்கும். நீ போனா ஒருத்தனும் யோசிக்க மாட்டான்."

"ஏங்கா?"

"உன்னப் பாத்தா அப்படித்தான் இருக்குது."

போனேன். முதல் கடை ஒரு பாய் கடை. தோளில் டேப்பைத் தொங்கப்போட்டபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்யாணத்துக்குக் கழுத்து மூடிய ஜாக்கெட் இந்த சீசனில் யாராவது தைக்கிறார்களா என்று, மிகவும் நாசூக்காக என்று நினைத்துக்கொண்டு, கேட்டேன்.

"அரே, ஆட்டோ! பொம்பளைங்க கழுத்து உனக்கு எதுக்குப்பா? வேற சவாரி கிடைக்கலியா?" என்றார். உள்ளே துணி கொடுக்க வந்திருந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில், ரிவர்ஸிலேயே தெருமுனைவரை வந்தேன்.

அடுத்த கடையில் உஷாராகப் பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். அந்த டெய்லர் எங்கள் தெருக்காரர் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"அண்ணே, தங்கச்சி கல்யாணம். கழுத்து மூடி, காலர் வச்ச ஜாக்கெட்டு ஒன்னு வேணும்."

மெஷின் மிதிப்பதை நிறுத்தினார். "உங்கம்மா உன்ன ஒருத்தன பெத்ததுக்கே கையெடுத்துக் கும்புட்டு நிறுத்திக்கினாங்க. உனக்கு ஏதுடா தங்கச்சி?"

"சித்தப்பா பொண்ணு."

"உங்கப்பா கூடப் பொறந்தவங்களே கெடையாதேடா."

வியர்த்தது. வாயில் வந்தது வரட்டும் என்று, "எனக்குப் பாத்திருக்கற பொண்ணுக்குத்தாண்ணே" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "மொதல்லயே சொல்றதுக்கென்னடா? வெக்கமா? கழுத்து மூடிப் போடற பொண்ணா? தங்கமான பொண்ணா இருக்கும். அந்த மாதிரி இந்த ஆவணிக்கு ஒன்னே ஒன்னுதான் எங்கிட்ட வந்துது. திருப்பருத்திக்குன்றம், சமணர் கோயிலுக்கு நேர் பின்னாடி பச்ச கேட்டு வூடு. நேத்துதான் வாங்கிக்கினு போச்சி. அந்த மாதிரியே தெச்சித் தரட்டுமா?"

"அந்த மாதிரியேண்ணே!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

நான் பார்லருக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி என் வீட்டுக்குப் போய்விட்டது. சாயங்காலம் அம்மா வாசலில் கண்ணீரோடு நின்றார். "யாருடா அந்தப் பொண்ணு? அடக்கமான பொண்ணாமே, கழுத்து மூடித்தான் போடுமாமே! எந்த ஜாதியா இருந்தாலும் பரவால்லடா, கூட்டிக்கினு வா!" அந்த வருஷம் முழுக்க நான் இல்லாத பெண்டாட்டிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, அதை விடுங்கள். அன்றே திருப்பருத்திக்குன்றம் போனோம். அக்கா வழியெல்லாம் ஒரு திட்டம் சொன்னார். தலைமுடி நீளம் பார்க்க வந்த மாதிரி பேச்சை ஆரம்பிப்பது, பேச்சுவாக்கில் மண்டபம் எது, எத்தனை மணிக்கு முகூர்த்தம் என்று அவர்கள் வாயாலேயே வரவழைப்பது, நாம் எதையும் கேட்காமல் இருப்பது. "நீ வாயத் தொறக்காத" என்பதுதான் திட்டத்தில் எனக்கான பங்கு.

பச்சை கேட்டைத் திறந்தவள் அவளேதான். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகம் அப்படியே வெளிச்சமானது.

"வாங்கக்கா! நீங்களே வந்துட்டீங்க? எல்லாம் அன்னிக்கே சொல்லிட்டனே, ஏதாவது மாத்தமா?"

அக்கா வாயைத் திறந்தார். முடி என்று ஏதோ தொடங்கினார். நிறுத்தினார். பையிலிருந்து மெஷினை எடுத்தார், குச்சியை உருவினார், வெறும் திரையைப் பார்த்தார். உதவி செய்யலாம் என்றால், எனக்கு வருவதெல்லாம் கிண்டல்தான்.

"மறந்துட்டேம்மா" என்றார் அக்கா. "எல்லாம் அழிஞ்சிபோச்சி. பேரு, மண்டபம், நேரம். மறுபடி சொல்லு."

அவர் இரண்டாம் முறை கேட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கேட்டு முடிப்பதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

அந்தப் பெண் ஒரு கணம் திகைத்தாள். பிறகு, "எல்லாம் மறந்துட்டீங்கன்னா எப்படிக்கா வூடு தேடி வந்தீங்க?" என்றாள்.

"உன்ன மறக்கல. உன் விலாசத்ததான் மறந்தேன்."

அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வாசற்படியில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அக்கா நடுக்கோடில்லாத அந்தக் கூரை எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கிறுக்கி ஏற்றினார்.

முகூர்த்தத்தன்று விடிவதற்கு முன்னாலேயே மண்டபத்தில் இருந்தோம். அக்கா பெட்டியோடு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. சாத்துவதற்கு முன் என்னைப் பார்த்து, "ஒருத்தி உள்ள வரக்கூடாது. உன் வாய்க்கு இன்னிக்கித்தான் வேல" என்றார்.

தாழ்ப்பாள் சரியில்லாத கதவு அது. நான் முதுகை அதில் சாய்த்து நின்றேன். சிறிது நேரத்தில் வர ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை பூப்பந்தோடு வந்தார். "நவுருப்பா, பொண்ணு தலைக்கு வைக்கணும்."

"உள்ள போனீங்கன்னா உங்களுக்கும் மேக்கப் போட்டு உட்டுடுவாங்க அத்தே. அப்புறம் ரெண்டு பொண்ணு வந்து நின்னா மாப்ள யாருக்குத் தாலி கட்டுவாரு?"

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னால் வந்தவர்களும் சிரித்தார்கள். "யாருப்பா இவன்? மாப்ள வூடா, பொண்ணு வூடா?"

"நான் கதவு வூடு."

பெண்ணின் பெரியம்மா ஒருவர் மட்டும் லேசில் நகர்கிற ஆளில்லை. "எனக்குத் தெரியாம என்னாடா உள்ள? சின்னதுலேர்ந்து பாத்தவ நான். நவுரு" என்று என் தோளில் கை வைத்துத் தள்ளினார். கதவு என் முதுகுக்குப் பின்னால் அரை அங்குலம் திறந்தது. உள்ளே ஒரு சின்ன மூச்சுச் சத்தம் கேட்டது.

நான் தடாலென்று அவர் காலில் விழுந்தேன். "பெரிம்மா! நீங்கதான் பெரிம்மாவா? நாலு நாளா உங்களைத்தான் தேடிக்கினு இருக்கறேன். எனக்கும் பொண்ணு பாக்கணும். கழுத்து மூடின ஜாக்கெட்டு போடற பொண்ணுதான் வேணும்னு எங்கம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க."

விழுந்த வேகத்தில் என் கால் கதவை மூடிவிட்டது. பெரியம்மா பதறி, "எழுந்திருப்பா, எழுந்திரு" என்றார். பிறகு அவருக்கு நாத்தனார் மகள் ஒருத்தி இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. வயது, நட்சத்திரம், எட்டாம் வகுப்பில் அவள் வாங்கிய பரிசு எல்லாவற்றையும் சொன்னார். நான் கதவை முட்டுக்கொடுத்தபடி தரையிலேயே உட்கார்ந்து கேட்டேன். நாதஸ்வரம் ஆரம்பிக்கிறவரை கேட்டேன். அந்தப் பெண்ணின் ஜாதகத்தை இப்போதுகூட என்னால் சொல்ல முடியும்.

கதவு திறந்தது. கல்யாணப் பெண் வந்தாள். அரக்குப் புடவை, கழுத்தை மூடிய ஜாக்கெட், அதன் மேல் நெருக்கமாக முத்துமாலை. பெரியம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எதையோ தேடிப் பார்த்தார். பிறகு மூக்குத்தி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார். அவ்வளவுதான். உச்சுக்கொட்ட ஒன்றும் கிடைக்காத கூட்டம் அவளை மேடைக்கு அழைத்துக்கொண்டு போனது.

அக்கா சாப்பிடக்கூட இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். நான் பெரியம்மாவின் நாத்தனார் மகளைப் பற்றி அவிழ்த்துவிட்டுக்கொண்டே வந்தேன்.

"எல்லாப் பொண்ணுங்களும் கண்ணாடி கேப்பாளுங்க" என்றார் திடீரென்று. "நூறு தடவ கேப்பாளுங்க. கண்ணு வரைஞ்சா ஒரு தடவ, பொட்டு வச்சா ஒரு தடவ. கையிலேயே வச்சிக்குவாளுங்க."

"ஆமாக்கா."

"இவ கேக்கவே இல்ல. எல்லாம் முடிஞ்சி, கண்ணாடி காமிக்கட்டுமான்னேன். 'வேணாங்கா, நீங்க பாத்துட்டீங்க இல்ல, போதும்'னா."

அந்தப் பெண் சொன்னதையே நினைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். காமாட்சியம்மன் கோயில் வந்தது, அக்காவின் தெரு வந்தது, அதுவும் பின்னால் போனது. ஏகாம்பரநாதர் கோபுரம் கண்ணுக்கு எதிரே வந்து நின்றபோதுதான் வீட்டைத் தாண்டி வந்துவிட்டது எனக்கே தெரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவும் அப்போதுதான் நிமிர்ந்து வெளியே பார்த்தார்.